ஊற்றுக்குத் தாடி மழித்தவள்

கிட்ட வாங்க கண்ணுகளா. அடுப்புப் பக்கம் நகர்ந்து உட்காருங்க, கால் சில்லிட்டுப் போயிருக்கும். பாசியோடு சண்டை போட்டுத் தோற்ற ஒரு பொம்பளையின் கதையை இன்றைக்குச் சொல்கிறேன். ஆளோடு ஆள் மோதித் தோற்றால் அதில்கூட ஒரு மரியாதை உண்டு. வேரில்லாத, பூவில்லாத, சுண்டுவிரல் உயரம் வளராத ஒன்றிடம் தோற்பதற்குத் தனித் திறமை வேண்டும். சவேத்தாவுக்கு அந்தத் திறமை நிறையவே இருந்தது.

பியத்ரோசா என்கிற மலையூரின் மேல்கோடியில் பதினோரு வீடுகள். அதில் எது சவேத்தாவின் வீடு என்று யாரும் கேட்க வேண்டியதில்லை, கண் கூசும் வீடுதான். ஈஸ்டருக்கு முன்னால் எல்லோரும்தான் பிளம் மரங்களுக்கு அடியில் சுண்ணாம்பு பூசுவோம். சவேத்தா மரத்துக்குப் பூசுவாள், வேலிக்கால்களுக்குப் பூசுவாள், பாதையோரக் கல்லுக்குப் பூசுவாள், நாய்க்கூண்டுக்கும் பூசுவாள். நாய் அசையாமல் நின்றிருந்தால் அதற்கும் ஒரு பூச்சு விழுந்திருக்கும்.

பூசி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு வாசலில் நின்று, அந்தப் பக்கம் பத்து வீட்டையும் ஒரு பார்வை பார்ப்பாள். வேலி சாய்ந்திருந்தால், "குடிகாரன்." கூரையில் ஓடு நகர்ந்திருந்தால், "சோம்பேறி." கோழி வாசலில் நின்றால், "வீடா இது, கூடா?" இப்படியே போய்ப் பார்வை கடைசி வீட்டில் நின்றுவிடும். அங்கே சொல்லே வராது. மூக்கை மட்டும் ஒருமுறை உறிஞ்சுவாள்.

அது ருக்ஸாவின் வீடு. ருக்ஸா, சவேத்தாவின் கொழுந்தன் பெண்டாட்டி. ஓரகத்தி. ஆடு மேய்க்கிறவள், எதற்கும் அவசரப்படாதவள். அவள் வீட்டு வடக்குச் சுவர் பாசி, கூரை பாசி, வாசற்படிக்கல் பாசி. குளிர்காலத்தில் ஜன்னலின் இரண்டு கண்ணாடிக்கு நடுவே காற்று வராமலிருக்க எல்லோரும் ஏதாவது வைப்பார்கள். சவேத்தா கடையில் வாங்கிய வெள்ளைப் பஞ்சு வைப்பாள். ருக்ஸா காட்டிலிருந்து பாசியை அள்ளிவந்து திணிப்பாள்.

"பாசிங்கிறது என்ன?" என்று சவேத்தா தன் புருஷன் நிஸ்தோரிடம் கேட்பாள். நிஸ்தோர் பதில் சொல்லமாட்டார். முப்பத்தைந்து வருஷ அனுபவம். "பயிரா? இல்ல. களையா? களைக்குக்கூடப் பிடுங்க ஒரு வேர் இருக்கு. இதுக்கு அதுவும் கிடையாது. ஈரம் எங்கன்னு பாத்து ஒட்டிக்கிட்டு ஓசியில பிழைக்கிற ஜென்மம். உங்க தம்பி பொண்டாட்டி மாதிரி."

அந்த வருஷம் ஊற்றைச் சுத்தம் செய்யும் முறை சவேத்தா வீட்டுக்கு வந்தது. முந்திய முறைகளை எல்லாம் மாமியார் பார்த்துக்கொண்டாள், சவேத்தாவின் கைக்கு வந்தது இதுதான் முதல் தடவை.

மேல்கோடிக்குத் தண்ணீர் என்றால் அந்த ஒரே ஊற்றுதான். பீச் மரக்காடு (பழம் காய்க்கிற பீச் இல்லை, உயர உயரமான காட்டு பீச்) முடிகிற இடத்தில் ஒரு பாறை நெற்றி மாதிரித் துருத்திக்கொண்டு நிற்கும். அதிலிருந்து இரண்டு முழத்துக்குப் பாசி தொங்கும், நனைந்த ஆட்டுத்தோல் போலத் தடியாக. தண்ணீர் அந்தத் தாடி வழியாக இழை இழையாக இறங்கி, கீழே இருக்கும் மரத்தொட்டியில் சொட்டும். தாடி ஊற்று என்றே பெயர். ஈஸ்டர் முடிந்த வெள்ளிக்கிழமை பாதிரியார் வந்து அதை ஆசீர்வதிப்பார். அதற்கு முன்னால் ஒரு வீட்டுக்காரர் ஊற்றைத் துப்புரவாக்க வேண்டும். பதினோரு வீடு என்பதால் பதினோரு வருஷத்துக்கு ஒருமுறை உங்கள் முறை. யார் கையில் ஊற்று நன்றாக ஓடுகிறதோ அவர்கள் வீடு சுத்தமான வீடு. யார் கையிலாவது ஊற்று நின்றுபோனால், அந்த ஆளிடம் ஏதோ மறைத்த பாவம் இருக்கிறது, தண்ணீர் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது என்பார்கள். நின்றுபோனதாக யாருக்கும் நினைவில்லை. அதனால் தைரியமாகச் சொல்லிக்கொண்டிருந்தோம்.

போன வருஷம் ருக்ஸாவின் முறை. அவள் தொட்டியில் விழுந்த சருகைப் பொறுக்கினாள், கையைக் கழுவினாள், போய்விட்டாள்.

"பாத்தீங்களா, இதுக்குப் பேரு சுத்தமாம்" என்று சவேத்தா அந்த ஒரு வருஷம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஈஸ்டருக்கு முந்திய செவ்வாய்க்கிழமை விடிந்ததும் அவள் களைக்கொத்தும் கம்பி பிரஷும் சுண்ணாம்பு வாளியுமாக ஊற்றுக்குப் போனாள். முதல் வெட்டிலேயே தாடியில் ஒரு பெரிய துண்டு பொத்தென்று விழுந்தது. உள்ளே பார்த்தால் பாதி பாசி, பாதி கல். தண்ணீரில் இருந்த சுண்ணாம்புச் சத்து வருஷக்கணக்காகப் பாசியில் படிந்து படிந்து, நுரை மாதிரி ஒரு கல்லாகி, பாறைக்கு உதடு வைத்தது போல் நீண்டிருந்தது. சவேத்தாவுக்குக் குமட்டியது.

"த்தூ! எத்தனை தலைமுறை அழுக்கு!"

உதட்டையும் சேர்த்துக் கொத்தினாள். நெற்றிக்கு மேலே மெத்தை மாதிரிக் கிடந்த பாசியையும் பாய் சுருட்டுவது போலச் சுருட்டி ஓடையில் எறிந்தாள். பிரஷ் போட்டுத் தேய்த்து, சுற்றியுள்ள கல்லெல்லாம் மூன்று பூச்சு சுண்ணாம்பு. நடுவில் நீலத்தில் ஒரு சிலுவை. பனி உருகுகிற காலம் என்பதால் தண்ணீருக்கு நல்ல வேகம். மொட்டைப் பாறையிலிருந்து பளீரென்று ஒரே தாவலாகத் தொட்டியில் விழுந்தது.

ஊரே வந்து பார்த்தது. அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ருக்ஸாவும் வாளியோடு வந்து நின்றாள்.

"என்னடி, எப்படி இருக்கு?" என்றாள் சவேத்தா.

"கிழவனுக்குத் தாடியை மழிச்சு மாப்பிள்ளை ஆக்கிட்டே அக்கா."

"உனக்கு அழுக்கு இருந்தாத்தான் வீடு மாதிரி இருக்கும்."

"பாவம், குளிருமே அவனுக்கு" என்று சொல்லிவிட்டு ருக்ஸா தண்ணீர் பிடித்துக்கொண்டு போனாள். அதற்குப் பெயர் மரியாதையா கிண்டலா என்று சவேத்தா அன்று முழுக்க யோசித்தாள்.

ஈஸ்டர் வந்தது, சிவப்பு முட்டை உடைத்தோம், ஆட்டுக்கறி தின்றோம். அதற்குள் மேலே பனி தீர்ந்துவிட்டது. திங்கட்கிழமை காலையில் முதலில் போன பெண் வெறும் வாளியோடு திரும்பி வந்தாள். தொட்டியில் ஒரு சாண் பழைய தண்ணீர். மேலே வெள்ளைப் பாறை, நீலச் சிலுவை. ஒரு சொட்டு இல்லை.

எல்லோரும் கூடிவிட்டார்கள். எல்லோரும் பாறையைப் பார்த்தார்கள், பிறகு சவேத்தாவைப் பார்த்தார்கள். முப்பத்தைந்து வருஷமாகப் பத்து வீட்டையும் அளந்த பார்வை இப்போது பத்து வீட்டிலிருந்தும் திரும்பி வந்தது. மறைத்த பாவம் என்னவாக இருக்கும் என்று அந்தக் கண்கள் தேட ஆரம்பித்ததை சவேத்தா பார்த்தாள். பார்த்துவிட்டுச் சும்மா இருக்கிற வாயா அது?

"யாரோ இதுல ஆட்டுக் கம்பளி அலசியிருக்காங்க" என்றாள். "எனக்கு வாசனையே வருது. நான் வெள்ளையா வெச்சதை ஒருத்தி நாறடிச்சா ஊத்து நிக்காம என்ன செய்யும்?"

மேல்கோடியில் ஆடு வைத்திருப்பது ஒரே வீடுதான். எல்லாத் தலையும் ருக்ஸா பக்கம் திரும்பியது.

ருக்ஸாவுக்குக் காது சிவந்தது. "நான் அலசுன கம்பளி உன் வாயைவிடச் சுத்தமா இருக்கும் அக்கா" என்றாள். காலி வாளியைக் கவிழ்த்துத் தலையில் வைத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் இறங்கிப் போனாள்.

அவள் மறுத்து வாதாடாததால் சிலர் நம்பிவிட்டார்கள். "ஊத்து திரும்ப ஓடினாலும் அவ தண்ணிய ஆத்துலயே எடுத்துக்கட்டும்" என்று ஒருத்தி சொன்னாள். அதைக் கேட்டபோது சவேத்தாவுக்கு ஒரு கணம் நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியைத்தான் அவள் பிறகு நெடுநாள் நினைத்துக் கூசினாள்.

ஆற்றுக்குப் போக முக்கால் மணி நேரம் இறக்கம், திரும்பி வர ஒன்றேகால் மணி நேரம் ஏற்றம். மாடு ஒன்றுக்கு நாலு வாளி. செவ்வாய்க்கிழமை நல்ல மழை. ஊற்று பிழைத்தது என்று சவேத்தா முக்காட்டோடு ஓடினாள். மேலே மெத்தை உரித்த இடத்திலிருந்து மண் கரைந்து சேறாகப் பாய்ந்தது. ஒரு மணி நேரம் பாய்ந்தது, நின்றது. தொட்டி நிறையக் காப்பிக் கலரில் சேறு. முன்பெல்லாம் ஒரு மழை பெய்தால் அந்தத் தாடியில் பத்து நாள் தெளிந்த தண்ணீராக இறங்கும்.

"கடப்பாரையை எடுங்க. உடைச்சுப் பாக்கலாம்" என்றாள் நிஸ்தோரிடம்.

"ஈஸ்டர் வாரத்துல நான் இரும்பைத் தொடமாட்டேன்."

"இவ்வளவு நாள் தொட்டுக் கிழிச்சுட்டீங்களாக்கும்!"

அவளே தகரத்தை வளைத்து வாய்க்கால் போலச் சொருகினாள். தகரம் காய்ந்தே கிடந்தது. களிமண் வைத்தாள். ஈரப் பாறையில் பிடிக்காமல் வழுக்கி விழுந்தது. கடைசியில் மண்டியிட்டு, தன் சுண்ணாம்பின்மேலேயே காதை வைத்தாள். உள்ளே சளசளவென்று ஓடுகிறது! தண்ணீர் எங்கும் போகவில்லை. பாறைக்குள்ளேயே, பின்பக்கமாக, அவளுக்கு முதுகு காட்டிக்கொண்டு ஓடுகிறது.

அதன் அர்த்தம் புதன்கிழமை சாயங்காலம் பால் ஊற்றும்போது விளங்கியது. செம்பைச் சாய்த்து வேகமாக ஊற்றினால் பால் தாவி விழுகிறது. மெதுவாக ஊற்றினால் செம்பின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வயிற்றோடு வழிந்து, பின்னால் போய்க் கையை நனைக்கிறது. சவேத்தா வழிந்த பாலைப் பார்த்தபடியே நின்றாள். பனித்தண்ணீர் வேகமாக வந்தவரைக்கும் தாவியது. வேகம் குறைந்ததும் மொட்டைப் பாறையின் அடியோடு ஒட்டிக்கொண்டு பின்னால் போய், விரிசலில் இறங்கிவிட்டது. அதை முன்னால் கூட்டிக்கொண்டு வந்தது அந்த உதடு. உதட்டைக் கட்டியது அந்த அழுக்கு. கொத்தியது அவள்.

"என்ன, பால் பூரா கொட்டுது" என்றார் நிஸ்தோர்.

"கொட்டட்டும். உங்களுக்கென்ன, உங்க தம்பி பொண்டாட்டி கெட்டிக்காரி."

ஒன்றும் புரியாமல் நிஸ்தோர் தலையாட்டினார்.

அன்று இரவு அவளுக்குத் தூக்கமில்லை. வெள்ளிக்கிழமை பாதிரியார் வருவார். காய்ந்த தொட்டி முன்னால் நிற்பார். அப்போது ஒன்று அவள் பாவி, இல்லையென்றால் ருக்ஸா பாவி. ருக்ஸா பாவி என்று ஊர் முடிவு கட்டிவிட்டால் அவள் சாகும்வரை ஆற்றிலிருந்து தண்ணீர் சுமப்பாள். ருக்ஸாவைத் தவிர அது பொய் என்று தெரிந்த ஒரே ஆள் சவேத்தாதான்.

வியாழக்கிழமை மத்தியானம் ருக்ஸாவின் வாசற்படியில் நின்றாள். ருக்ஸா அந்த வீட்டுக்கு வந்த பதினாறு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. ருக்ஸா அப்போதுதான் ஜன்னலின் உள்கண்ணாடியைக் கழற்றி, குளிர்காலப் பாசியை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஈஸ்டர் முடிஞ்சு இப்பத்தான் ஜன்னல் பிரிக்கிறியா?" சவேத்தாவின் வாய் அவளுக்கு முன்னால் உள்ளே போய்விட்டது.

"வா அக்கா. உக்காரு. நாற்காலியில தூசி இருக்கும், நின்னாலும் சரி."

சவேத்தா உட்கார்ந்தாள். "தண்ணி உள்ள ஓடுது. பின்னால போகுது."

"தெரியும்."

"எப்பத் தெரியும்?"

"நீ கொத்துன அன்னைக்கே."

"தெரிஞ்சும் சொல்லலையா நீ!"

"சொல்லியிருந்தா கேட்டிருப்பியா? 'அழுக்குக்கு அழுக்கு வக்காலத்து'ன்னு சொல்லியிருப்பே."

அப்படித்தான் சொல்லியிருப்பாள். அதே வார்த்தைகள். சவேத்தாவுக்கு எரிச்சல் வந்தது.

"ஆடு மேய்க்கப் போறப்ப நான் பாக்கறேன்ல" என்றாள் ருக்ஸா. "காட்டுல மழை பெஞ்சா முதல்ல குடிக்கிறது பாசிதான். வயிறு முட்டக் குடிச்சுட்டு, நமக்குச் சொட்டுச் சொட்டா விடும். பீச் கொட்டை மொட்டை மண்ணுல விழுந்தா எலி தின்னுடும், இல்லேன்னா வெயில்ல காஞ்சிடும். பாசியில புதைஞ்சதுதான் முளைக்குது. நீ சுருட்டி எறிஞ்சியே அந்தப் பாயி, அதுல நாலு செடி இருந்துச்சு."

"போதும்டி, பிரசங்கம் நாளைக்குப் பாதிரியார் பண்ணுவாரு. இப்ப ஏதாவது வழி இருக்கா?"

ருக்ஸா கையிலிருந்ததை நீட்டினாள். புகையிலை மாதிரி ஒரு கட்டி. பழுப்பாக, முறுமுறுவென்று, தொட்டால் உதிர்ந்தது.

"இதா? இது செத்துப்போச்சுடி."

"நவம்பர்லேருந்து ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல கிடக்குது. ஒரு பக்கம் பனி, ஒரு பக்கம் அடுப்பு. ஒரு வாய் தண்ணி குடிக்கல." ஒரு சட்டியில் தண்ணீர் ஊற்றி அதில் போட்டாள். "பாரு."

சவேத்தா வெறுப்போடுதான் பார்த்தாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு இலை, ஊசி முனையளவு, மடக்கியிருந்த கையை விரிப்பது போல விரிந்தது. பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் எண்ண முடியவில்லை. ஒரு மாமாலிகா மக்காச்சோளக் களி கிண்டுகிற நேரத்தில் சட்டி முழுக்கப் பச்சை. கண்ணைக் குத்துகிற பச்சை. ஐந்து மாதம் காய்ந்து கிடந்தது எழுந்து உட்கார்ந்து, எங்கே என் வேலை என்று கேட்பது போல இருந்தது.

"வெக்கங்கெட்டது" என்றாள் சவேத்தா. அவள் வாயிலிருந்து அவ்வளவு மெதுவாக ஒரு வசவு வந்ததே இல்லை.

"மூணு ஜன்னல் பாசி இருக்கு. குச்சி அடிச்சுத் தொங்கவிட்டாத் தண்ணிக்கு வழி காட்டும். பிடிச்சுக்கிட்டா பிழைக்கும். ஆனா ஒண்ணு அக்கா."

"என்ன?"

"நாளைக்குப் பாதிரியார் முன்னாடி, கம்பளிப் பேச்சுப் பொய்யின்னு நீயே உன் வாயால சொல்லணும்."

"அது தெரியாமத்தான் உன் படி ஏறுனேனாக்கும்? எடு சாக்கை!"

பொழுது சாயும்வரை இரண்டு பேரும் பாறையடியில் கிடந்தார்கள். ருக்ஸா காட்டுக் குச்சிகளைச் சீவி விரிசல்களில் செருக, சவேத்தா ஈரப் பாசியைக் கொத்துக் கொத்தாகக் கட்டினாள். சுண்ணாம்பு பூசிய இடத்தில் பாசி கருகும் என்று ருக்ஸா சொன்னதால், தன் மூன்று பூச்சையும் தன் கம்பி பிரஷாலேயே சவேத்தா தேய்த்து எடுத்தாள். நீலச் சிலுவையைத் தொடவில்லை. கை புண்ணாகிவிட்டது. வழியில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

"என்ன சவேத்தா, அழுக்கை ஒட்டவைக்கிறியா?"

"ஆமா. உங்க வீட்டுல மிச்சம் இருக்கும், கொண்டாங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை காலை மழைத்தூறல். பாதிரியார் அவ்ராம் மூச்சு வாங்கிக்கொண்டு மேடேறி வந்தார். பின்னால் பதினோரு வீடும். மேலே மொட்டையும் புள்ளியுமாக, சொறி பிடித்த ஆட்டின் தாடி மாதிரி ஒரு தாடி தொங்கியது. அதன் நுனியில் ஒரு சொட்டு திரண்டது. விழுந்தது. இன்னொன்று. சேறு கழுவி வைத்த தொட்டியில் நாலு விரல் தண்ணீர்.

யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

பாதிரியார் ஜபம் முடித்து, தீர்த்தம் தெளிக்கிற பச்சிலைக் கொத்தைத் தொட்டியில் நனைக்கக் குனிந்தார். எட்டவில்லை. இன்னும் குனிந்து எப்படியோ நனைத்துக்கொண்டார். "இந்த வருஷம் சாமி கொஞ்சம் சிக்கனமா இருக்காரு போல" என்றார். "கம்பளி அலசுனதா ஏதோ பேச்சு கேள்விப்பட்டேன்..."

எல்லோரும் ருக்ஸாவைப் பார்த்தார்கள். ருக்ஸா பாறையைப் பார்த்தாள்.

"யாரும் ஒண்ணும் அலசல" என்றாள் சவேத்தா. குரல் வேலி தாண்டிக் கேட்கிற அதே குரல். "கம்பளின்னு சொன்னது பொய். நான்தான் சொன்னேன். தாடியைக் கொத்துனதும் நான்தான், எல்லாரும் வாயைப் பொளந்துக்கிட்டு 'அழகு, அழகு'ன்னு பாத்தீங்களே, அப்பத்தான். ஊத்து நின்னது அதனால. பாவம்னா அதுதான் பாவம், எழுதிக்குங்க சாமி. இப்ப ஓடறது இவ வீட்டு ஜன்னல்ல கிடந்த குப்பையால. எனக்கு அந்தக் குப்பையப் பிடிக்கல, இன்னைக்கும் பிடிக்கல. ஆனா நான் முப்பத்தஞ்சு வருஷமாப் பூசுன சுண்ணாம்பு மொத்தமும் சேந்து ஒரு வாளித் தண்ணி கொண்டாரல."

பின்னாலிருந்து ஒரு கிழவர் சொன்னார்: "நல்லவேளை, அடுத்த முறை உனக்கு வரப் பதினோரு வருஷம் ஆகும். அதுக்குள்ள ஊத்து தேறிடும்."

சிரிப்பு வெடித்தது. நல்ல சிரிப்பு இல்லை அது. முப்பத்தைந்து வருஷமாகச் சேர்த்துவைத்த சிரிப்பு. குடிகாரன் என்று பெயர் வாங்கியவன் சிரித்தான், கோழிக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், நிஸ்தோர்கூடத் தொப்பியால் வாயை மறைத்துக்கொண்டார். சவேத்தா தலை குனியவில்லை. முழுவதையும் நின்று வாங்கிக்கொண்டாள்.

முறைக்காரர்தான் முதல் குவளை குடிக்க வேண்டும். ருக்ஸா தாடியின் நுனியில் குவளையைப் பிடித்தாள். குவளை நிறைவதற்கு வெகுநேரம் ஆயிற்று. யாரும் நகரவில்லை. நிறைந்ததும் ஓரகத்தியிடம் நீட்டினாள்.

"குடி அக்கா. சுண்ணாம்பு ருசி இருக்கான்னு பாத்துச் சொல்லு."

சவேத்தா குடித்தாள். கடைசிச் சொட்டுவரை குடித்தாள். முகம் சுருங்கியது.

"இருக்கு" என்றாள். "இந்தக் கோடை பூரா இருக்கும். எல்லாரும் குடிச்சுத்தான் ஆகணும்."

பத்து வீடும் வாளியோடு வரிசையில் நின்றது. முதல் ஆளாக ருக்ஸா நின்றாள்.

போய்ப் படுங்க கண்ணுகளா. உங்கள் வீட்டுத் தொட்டி எந்தக் கோடையிலும் அடி தெரியாமல் இருக்கட்டும். உங்கள் அடுப்பும் மாடும் பிள்ளைகளும் சுகமாக இருக்கட்டும். உங்கள் வீட்டுச் சுவரில் பாசி படர்ந்தால் படரட்டும், உள்ளே இருக்கிறவர்கள் மனசு காயாமல் இருக்கட்டும்.